“பொணத்த எடுத்துட்டாங்களா?”: ஒரு ஜாம்பி தொடரின் சாவும் கோத்தகிரியில் ஒரு வாரமும்

2025 ஏப்ரல் 21, திங்கட்கிழமை இரவு. கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் இரண்டாவது சீசன், இரண்டாவது எபிசோடைப் பார்த்தோம். முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டில் வைத்த வர்க்கி பிஸ்கட் வைத்தபடி இருந்தது. டீயின் மேல் ஆடை படிந்துவிட்டது. மாமா மட்டும் எழுந்து, இருட்டில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, “இனிமே என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒன்றரை ஏக்கர் தேயிலையை வைத்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். ஒரு தொடரில் ஒருவன் செத்ததற்கு அவர் அப்படிக் கோபித்துக்கொண்டு போவார் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்தேன். அடுத்த ஒரு வாரமும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி எழுதினேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து வந்தது.

எனக்குப் புரிந்தது இதுதான்: செத்தவனைக் கிடத்தி, குளிப்பாட்டி, அழுது அனுப்பிவைப்பதற்குள் எபிசோடை முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் எழுந்த கோபம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது.

இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதையை முழுக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கதை எங்கே நின்றது

இது முதலில் வீடியோ கேம். நாட்டி டாக் நிறுவனம் 2013-ல் முதல் பாகத்தையும் 2020 ஜூனில் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. 2023 ஜனவரியில் ஹெச்பிஓ அதைத் தொடராக்கியது. கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை மனிதர்களின் உடம்புக்குள் புகுந்து ஆட்டிவைக்கிறது, உலகம் சரிகிறது. பூஞ்சை நிஜமானது. எறும்பின் உடலுக்குள் வளர்ந்து, அதைச் செடியின் மேல் ஏறவைத்து, இலையைக் கவ்விக்கொண்டு சாகவைக்கும். அப்புறம் அதன் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு தண்டு முளைக்கும். மனித உடம்பின் சூட்டில் அது பிழைக்காது, அது மட்டும்தான் நமக்கு ஆறுதல்.

மாமாவை இந்தத் தொடருக்கு இழுத்ததே அந்தப் பூஞ்சைதான். மிஸ்ட் இறங்கி நாலு நாள் வெயில் வராவிட்டால் இளங்கொழுந்தில் கொப்புள நோய் வரும். இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைக்கும். தாமிர மருந்து அடிக்காவிட்டால் அந்தச் சுற்றுக் கொழுந்தே போச்சு. அதுவும் பூஞ்சைதான். முதல் சீசனின் முதல் எபிசோட் ஆரம்பத்தில் ஒரு விஞ்ஞானி பூஞ்சையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டதும் மாமா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். “இவனுக்கு விஷயம் தெரியுது” என்றார்.

ஜோயல் என்பவன் உலகம் சரிந்த அன்றிரவே தன் மகள் சாராவைப் பறிகொடுத்தவன். இருபது வருடம் கழித்து, பூஞ்சை தொற்றாத உடம்புள்ள எல்லி என்ற பதினாலு வயதுச் சிறுமியை அமெரிக்காவின் குறுக்கே கூட்டிப்போகிறான். போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் அவளை அறுத்து மருந்து எடுக்கப் பார்க்கிறார்கள், அறுத்தால் அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் அங்கிருந்தவர்களைச் சுட்டுத் தள்ளுகிறான், அறுவை செய்ய நின்ற டாக்டர் உட்பட. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நடந்ததை மறைத்து அவளிடம் பொய்யும் சொல்கிறான். 2023 மார்ச்சில் முதல் சீசன் அங்கே முடிந்தது.

அந்த டாக்டருக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் ஆபி. கதையில் ஐந்து வருடம் கழித்து அவள் வருகிறாள்.

யார் யார் இருந்தோம்

நான், என் மனைவி, மாமா. என் அக்கா மகனும் அவனுடைய கல்லூரி நண்பர்கள் இருவரும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர். பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) வரும் டீச்சர் அக்கா ஒருவர், நீலகிரியின் படகர் இனத்தவர். இவர்கள் எட்டுப் பேர். இவர்களோடு அடுத்த வீட்டுப் பாட்டியும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாட்டி நாற்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். தொடர் பார்க்க அவர் வருவதில்லை. எங்கள் முன்னறைதான் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், அதனால் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவார். கண் பாதி மூடியிருக்கும், காது மட்டும் நம் பக்கம் இருக்கும்.

அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பாகும் எபிசோட், நம் நேரத்துக்குத் திங்கள் காலை ஆறரைக்கே ஜியோஹாட்ஸ்டாரில் வந்துவிடும். எல்லோரும் வேலை முடித்து, மாமா கொழுந்தை எடை போட்டு அனுப்பிவிட்டு வந்துசேர இரவு எட்டாகும். அதுவரை யாரும் போனைத் தொடக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

அக்கா மகனுக்கு அந்த ஒப்பந்தம் தேவைப்படவில்லை. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் அவன் கேமை விளையாடி முடித்தவன். ஜோயல் சாவான் என்பது ஐந்து வருடமாக அவனுக்குத் தெரியும், எங்களிடம் மூச்சு விடவில்லை. அன்று அவன் டிவியைப் பார்க்க உட்காரவில்லை, எங்களைப் பார்க்கத்தான் உட்கார்ந்தான். கேம் விளையாடிய பலர் அந்த நேரத்தில் தங்கள் வீட்டாரின் முகத்தைப் படம்பிடித்து வைத்தார்கள், இவனும் அலமாரியில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். அப்போது எனக்கு அது தெரியாது.

அன்றிரவு

எபிசோடில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கும். ஜோயலும் எல்லியும் இப்போது வாழும் ஜாக்சன் என்ற ஊரை ஜாம்பி கூட்டம் தாக்குகிறது. எண்ணெய் பீப்பாய்களை உருட்டி நெருப்பு வைக்கிறார்கள், நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள், ஜோயலின் தம்பி டாமி நெருப்புத் துப்பாக்கியோடு ஒரு பெரிய ஜந்துவின் முன்னால் தனியாக நிற்கிறான். காசு கொட்டி எடுத்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. எங்களில் ஒருவரும் மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொரு பக்கம், பனியில் ஜாம்பிகளிடம் மாட்டிக்கொண்ட ஆபியை ஜோயல் காப்பாற்றுகிறான். அவள் தன் ஆட்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போகிறாள். உள்ளே போனதும் துப்பாக்கியால் அவன் முழங்காலைச் சுடுகிறாள். அப்புறம் கோல்ஃப் மட்டையை எடுக்கிறாள்.

நர்ஸ் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமா, “காப்பாத்துனவனையா? உசுரக் காப்பாத்துனவனையா?” என்று இரண்டு முறை கேட்டார், யாரிடம் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் பாட்டி கண்ணைத் திறந்து என் மனைவியிடம் கேட்டார்:

“யாருடி அவ, அந்த ஆள அடிக்கிறவ?”

“அவ அப்பாவ இவர்தான் சுட்டுக் கொன்னாரு பாட்டி.”

“அப்ப அடிப்பாதான்.”

சொல்லிவிட்டுப் பாட்டி மறுபடி போர்வைக்குள் போய்விட்டார். மாமா திரும்பி அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அக்கா மகன் மெதுவாக எழுந்து, அலமாரியில் இருந்த போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். அப்போதுதான் அவன் படம்பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

எல்லி வந்துசேர்கிறாள். அவளைத் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். எழுந்திரு, எழுந்திரு என்று ஜோயலிடம் கெஞ்சுகிறாள். அவள் கண் முன்னாலேயே ஆபி உடைந்த மட்டையால் அவனைக் குத்தி முடிக்கிறாள். அவர்கள் போனபிறகு எல்லி தரையில் ஊர்ந்துபோய் அவனோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் ஒரு பாட்டு ஒலிக்க, துணியில் சுற்றிய உடலைக் குதிரை பனியில் இழுத்துப் போகிறது. பாடியிருப்பவர் ஆஷ்லி ஜான்சன், கேமில் எல்லிக்குக் குரல் கொடுத்தவர். திரை இருண்டது. மாமா செருப்பைத் தேடியது அப்போதுதான்.

கோபம் எங்கே போய் நின்றது

உலகம் முழுக்க அந்த வாரம் ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஜோயலாக நடித்த பெட்ரோ பாஸ்கல் இல்லாமல் இனி எதற்குப் பார்க்க வேண்டும், ஏழு எபிசோடில் இரண்டாவதிலேயே கொல்வதா, இவ்வளவு கொடூரமாகவா என்றெல்லாம் பேச்சு. எங்கள் வீட்டிலும் அதெல்லாம் கொஞ்சம் இருந்தது. ஆனால் மாமாவின் கோபம் வேறு இடத்தில் நின்றது. சாவு அவருக்குப் பெரிதில்லை, கொடூரமும் பெரிதில்லை. உயிரைக் காப்பாற்றியவனுக்கே ரெண்டகம் செய்தாள் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்கே போய்ப் பேசினேன். கவாத்துக் கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “பழி வாங்கணுமா, வாங்கட்டும். அவ கைய புடிச்சித் தூக்கிவிட்டான்ல, அதுக்கப்புறம் அவன் மேல கை வைக்கக் கூடாது. வீட்டுக்குப் போயிட்டு இன்னொரு நாள் வரணும்.”

இதை நான் வேறு எங்கும் கேட்கவில்லை. பழிக்கும் ஒரு முறை உண்டு என்று அவர் நம்புகிறார்.

நர்ஸ் அக்கா சொன்னது இன்னும் எளிமையானது. முந்தின நாள்தான் ஈஸ்டர், வீட்டில் பிரியாணி, விருந்தாளிகள். மறுநாள் இதைப் பார்த்துவிட்டு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ரத்தம் அவருக்குப் பழகியது. “அந்தப் பொண்ணு எழுந்திரு எழுந்திருன்னு சொன்னா பாருங்க, ஐசியு வாசல்ல அதைத்தான் எல்லாரும் சொல்வாங்க. நாங்க உடனே அவங்கள உள்ள விட்டு, கையப் புடிச்சிக்கச் சொல்வோம். அப்புறம் தொடச்சி, துணி மாத்தி, கண்ண மூடி, வீட்டாளுங்ககிட்ட ஒப்படைப்போம். இவங்க ஒண்ணுமே செய்யாம இழுத்துட்டுப் போறாங்க.” அந்தக் கடைசி வாக்கியத்தை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

செவ்வாய் காலையிலேயே பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: “அந்தப் பொணத்த எடுத்துட்டாங்களா?”

“அடுத்த திங்கக்கிழமைதான் பாட்டி வரும்.”

“ஒரு வாரமா போட்டு வைப்பாங்க?”

எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைனில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை பக்கத்து வீடுகளில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் என்று பாட்டி அடிக்கடி சொல்வார். ஜோயல் நல்லவனா, கெட்டவனா என்று அவர் கேட்கவே இல்லை. ஆபி அடித்தது அவருக்கு நியாயமாகவே பட்டது. ஆனாலும் பிணம் கிடக்கக் கூடாது.

டீச்சர் அக்கா சொன்னது

புதன், வியாழன் இரண்டு நாளும் பையன்களுக்குள் சண்டை. ஜோயல் செய்தது கொலை, அவனுக்கு இதுதான் தண்டனை என்று ஒரு நண்பன். ஒரு குழந்தையைக் காப்பாற்றியவன் எப்படிக் கொலைகாரன் ஆவான் என்று இன்னொருவன். அக்கா மகன் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனாகவே என்னிடம் சொன்னான். 2020-ல் கேம் வந்தபோது ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கு ரசிகர்கள் கொலை மிரட்டல் அனுப்பினார்கள், அவர் அதை வெளியே சொல்லவும் செய்தார். இவன் மிரட்டல் ஒன்றும் அனுப்பவில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அசிங்கமாகத் திட்டியிருக்கிறான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. தொடரில் ஆபியாக நடித்த கேட்லின் டெவர், தன் அம்மாவைப் பறிகொடுத்த சில வாரங்களிலேயே இந்தக் காட்சியில் நடித்திருக்கிறார். என் மனைவி அதைப் படித்துச் சொன்னதும் அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை டீச்சர் அக்கா வந்தார். சண்டை நடப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் தாத்தாவின் சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். படகர் வீட்டுச் சாவில், உடலைக் கொண்டுபோகுமுன் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்று பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஊர்ந்து போன பாம்பைக் கொன்றது பாவம் என்பார், கூடியிருப்பவர்கள் ‘பாவம்’ என்பார்கள். அண்ணன் தம்பிக்குள் பகை மூட்டியது, எல்லைக்கல்லை நகர்த்தியது என்று அது நீண்டுகொண்டே போகும். அந்தக் காலத்தில் அந்தப் பாவங்களை ஒரு கன்றின் மேல் இறக்கி அதை ஓட்டிவிடுவார்கள். நூறு வருடத்துக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

“எங்க தாத்தா எந்தக் கல்லையும் நகர்த்தல” என்றார் அக்கா. “ஆனா சொல்லுவாங்க. யார் செத்தாலும் எல்லாத்தையும் சொல்லுவாங்க. ஒரு பக்கம் பாவத்தச் சொல்லிட்டு இருப்பாங்க, இன்னொரு பக்கம் பொம்பளைங்க அழுதுட்டு இருப்பாங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்கும். நீங்க என்னடான்னா ரெண்டுல ஒண்ணுன்னு சண்ட போடறீங்க.”

பையன்கள் பேசாமல் இருந்தார்கள். அந்த இரவு நோட்டில் நான் வேறெதுவும் எழுதவில்லை, அக்கா சொன்னதை மட்டும்தான்.

2016-ல் நடந்தது

இதோடு ஒப்பிட ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. ‘தி வாக்கிங் டெட்’ என்ற இன்னொரு ஜாம்பி தொடரின் ஆறாவது சீசன் 2016 ஏப்ரல் 3-ல் முடிந்தபோது, நீகன் என்ற வில்லன் வரிசையாக மண்டியிட்டிருந்தவர்களில் ஒருவரை முள்கம்பி சுற்றிய மட்டையால் அடிக்கிறான். யாரை என்று காட்டாமல் முடித்துவிட்டார்கள். அக்டோபர் 23 வரை, ஆறு மாதத்துக்கு மேல், செத்தவன் யார் என்பது விடுகதை. அதற்கு முந்தின வருடம்தான் க்ளென் என்ற பாத்திரம் செத்துவிட்டதாகக் காட்டி, டைட்டிலில் நடிகர் ஸ்டீவன் யூனின் பெயரைக்கூட எடுத்துவிட்டு, நாலு வாரம் கழித்து உயிரோடு கொண்டுவந்திருந்தார்கள். அக்டோபரில் அதே க்ளெனை நிஜமாகவே கொன்றார்கள், கூடவே ஆபிரகாமையும்.

அந்த எபிசோடை அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் சுமார் 1 கோடியே 25 லட்சம். பழைய உயரத்துக்கு அந்தத் தொடர் திரும்பவே இல்லை. கொடூரம் அதிகமாகிவிட்டது என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு சாவை விடுகதையாக்கி, ஆறு மாதம் எல்லோரையும் ஊகிக்கவைத்தார்கள். செத்தது யார் என்று தெரியாமல் எப்படி அழுவது? கடைசியில் தெரிந்தபோது அழுகை வற்றிப்போய் எரிச்சல்தான் மிஞ்சியிருந்தது. நானும் இரண்டு எபிசோடோடு விட்டவன்தான்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடருக்கும் ஆள் குறைந்தது உண்மை. இரண்டாவது சீசனின் முதல் எபிசோடை அமெரிக்காவில் முதல் நாள் 53 லட்சம் பேர் பார்த்தார்கள், கடைசி எபிசோடை 37 லட்சம். அந்தக் கடைசி ஞாயிறு அங்கே நீண்ட விடுமுறை வாரத்தில் வந்தது, அதனால் ஜோயல் இல்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஆள் குறையவில்லை, அதை மட்டும் சொல்ல முடியும்.

அடுத்த திங்கள்

ஏப்ரல் 28. மாமாவை நாங்கள் கூப்பிடவில்லை. எட்டு மணிக்குப் பாட்டி வந்தபோது அவர் பின்னாலேயே மாமாவும் வந்தார். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தாராம், அதனால் கூட்டிவந்தாராம்.

எபிசோட் தொடங்கியதும் ஜோயலின் உடல் ஒரு மேசையில் கிடக்கிறது. டாமி உள்ளே வருகிறான். ஈரத்துணியை எடுத்து அண்ணனின் உடம்பைத் துடைக்கிறான், ரத்தத்தை மெதுவாக, அவசரமில்லாமல். சாராவிடம் என் அன்பைச் சொல் என்கிறான்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “தம்பிகாரனா?” என்று மட்டும் கேட்டார். நர்ஸ் அக்கா “ஆமா பாட்டி” என்றார், அவர் குரல் உடைந்திருந்தது. ஒரு வாரமாக வராத அழுகை அப்போதுதான் எங்களுக்கு வந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கதை அப்புறம் மூன்று மாதம் தாண்டுகிறது. ஜோயலின் காலி வீட்டுக்குப் போய் எல்லி அவன் ஜாக்கெட்டில் முகம் புதைத்து அழுகிறாள். ஊரை விட்டுப் போகும்போது அவன் கல்லறையில் ஒரு பிடி காப்பிக்கொட்டையை வைக்கிறாள். அந்த உலகத்தில் காப்பி கிடைப்பதே அரிது, ஜோயலுக்கு அது உயிர். இதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இருக்கவில்லை. செத்தவருக்குப் பிடித்ததை வைத்துப் படைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. என் அப்பாவுக்கு நாங்கள் வைப்பது வறுத்த நிலக்கடலை. “காப்பியா?” என்றார் பாட்டி. “சரி, நல்லா இருக்கட்டும்.”

எட்டுப் பேர், ஒரு வீடு, ஒரு வாரம். இதை வைத்து உலகத்து ரசிகர்கள் எல்லோருக்கும் விதி எழுத முடியாது. சாவும் குளிப்பாட்டலும் ஒரே எபிசோடில் வந்திருந்தால் மாமா கோபித்துக்கொண்டு போயிருக்க மாட்டார் என்றும் நான் சொல்லவில்லை. ஒருவேளை அந்த ஒரு வாரம் பிணம் கிடந்ததால்தான் டாமி துணியை நனைத்தபோது எங்களுக்கு அப்படி வலித்ததோ என்னவோ. எழுதியவர்கள் அதைத் தெரிந்தே செய்திருந்தால், சாவைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள்தான் அவர்கள்.

அன்று எபிசோட் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது மாமா வாசலில் நின்றுவிட்டார். “அந்தப் பொண்ணோட அப்பன யார் குளிப்பாட்டுனது?” என்று கேட்டார்.

“எந்தப் பொண்ணு மாமா?”

“அதான், அந்த ஆபி.”

அக்கா மகன் சொன்னான்: “இந்த சீசன் முதல் எபிசோட் ஆரம்பத்துலயே காட்டுனாங்களே தாத்தா. ஆஸ்பத்திரி பக்கத்துல குழியெல்லாம் தோண்டிப் புதைச்சிருந்தாங்க. இவளும் இன்னும் நாலு பேரும் நிப்பாங்க.”

“நான் கவனிக்கலையே” என்றார் மாமா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதல் எபிசோடை மறுபடி போட்டோம். புதைத்த மண்மேடுகளுக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள், எல்லோருக்கும் சின்ன வயதுதான். ஆபியின் முகம் அழுது வீங்கியிருக்கிறது. மாமா ரிமோட்டை வாங்கி அதை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.